உடையிற டப்பாவாக் குடுங்க

சண்முகவடிவுக்கு இடது காது கேட்காது. திருச்சுழிக்குப் பக்கத்து ஊரில் அங்கன்வாடி உதவியாளராக இருக்கிறாள். அங்கே வரும் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஒண்ணுக்கு வந்தால்கூட வலது பக்கமாக வந்து சேலையைப் பிடித்து இழுத்துத்தான் சொல்லும்.

காது போனது ஒரு டெஸ்டருக்காக. அவள் புருஷன் பால்பாண்டி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை, ஒயரைப் பார்க்க டெஸ்டர் வேண்டும் என்று வீட்டுக்குள் வந்தான். எங்கே வைத்தாய் என்று இரண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவை வாய் கேட்கவில்லை, கை கேட்டது. விரித்த கை, கன்னத்தையும் காதையும் சேர்த்து விழுந்தது. உள்ளே ஏதோ பட்டென்று போனது அவளுக்கே தெரிந்தது. டெஸ்டர் வண்டி சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது. அதை எடுத்து ஒயரைப் பார்த்து, ஹாரனைச் சரிசெய்து, இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

அருப்புக்கோட்டையில் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். ஜவ்வு கிழிந்துவிட்டது, ஏற்கெனவே அடிபட்ட காது, இனி இவ்வளவுதான் என்றார். எப்படி ஆனது என்று கேட்டதற்கு மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். அவள் வீட்டுக்கு மாடி கிடையாது. டாக்டர் அதையே சீட்டில் எழுதினார். வலது காதையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லி அனுப்பினார்.

வலது காது போனால் வேலையும் போகும். முதுகுக்குப் பின்னால் பிள்ளை விழுந்து அழுதால் கேட்காத ஒருத்தியை யார் வைத்துக்கொள்வார்கள்? மகள் சுகப்பிரியா பத்தாவது படிக்கிறாள். அவள் பேச்சு கேட்காத வீட்டை சண்முகவடிவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நரிக்குடியில் இருந்து வாக்கப்பட்டு வந்து பதினேழு வருஷம். உடம்பில் இருக்கும் தழும்பு ஒவ்வொன்றுக்கும் அவளால் ஒரு சாமான் பெயர் சொல்ல முடியும். உதட்டில் இருப்பது நகவெட்டி. முழங்கையில் வண்டிச்சாவி. நெற்றியில் ஏழு தையல் போட்டது ரேஷன் கார்டு. அன்றைக்கு அவன் கையில் அகப்பட்டது எவர்சில்வர் தூக்குச்சட்டி. எல்லாமே எதையாவது தேடிக் கிடைக்காமல்போன நாட்கள். அதனால் அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இவர் பொல்லாதவர் இல்லை, தேடினது கிடைத்தால் அடிக்க மாட்டார், நாம்தான் வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று. பக்கத்து வீட்டுக்காரிகளிடமும் அப்படித்தான் சொன்னாள். அவர்களும் இருக்கலாம் என்றார்கள்.

சுகப்பிரியா செல்போனில் வீடியோ காட்டினாள். அலமாரியில் வரிசையாக டப்பா, டப்பாவுக்குப் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு, கதவுக்குப் பின்னால் பை பையாகத் தைத்துத் தொங்கவிட்ட துணி. சண்முகவடிவு அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

பிளாஸ்டிக் கடை நவநீதகிருஷ்ணனுடையது. வாசலில் குடம், உள்ளே கூரை வரைக்கும் டப்பா. அவர் நல்ல கனமான டப்பாவாக எடுத்துப் போட்டார். மேலே ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றார். சண்முகவடிவு ஒவ்வொன்றையும் எடுத்துத் தன் முழங்கையில் ஓங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். காது வைத்த வாளி வேண்டாம் என்றாள். கண்ணாடி ஜாடி வேண்டாம், எவர்சில்வர் வேண்டவே வேண்டாம்.

"இதைவிட மெல்லிசா இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு. ஆனா கீழ விழுந்தா உடைஞ்சு போகும் தாயி. நாளைக்கு எங்கிட்டத்தான சண்டைக்கு வருவீக."

"உடையிற டப்பாவாக் குடுங்க."

அவர் கடைப் பையன்களைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருசமா யாவாரம் பண்றேன், உடையிறதாக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். விரோதி வீட்டு விசேசத்துக்கா குடுக்கப் போறீக?"

"எங்க வீட்டுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே இன்னொரு டப்பாவை எடுத்து அதே முழங்கையில் தட்டினாள். அவர் அந்த முழங்கையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. உள்ளே போய், விற்காமல் கிடந்த கட்டு ஒன்றை எடுத்துவந்தார். பிஸ்கட் பொதிகிற தாளைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாக்கள். அவளே பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வேறு ஆளைக் கவனித்தார்.

வீட்டில் வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரை முழுக்க அவனுக்கு என்று ஒதுக்கினாள். வந்ததும் கை போகிற உயரத்தில் சாவிக்கு ஒட்டுக் கொக்கி. அதற்குக் கீழே எட்டுப் பை வைத்த துணி: முதல் பையில் லைசென்ஸ், இரண்டில் டெஸ்டர், மூன்றில் சார்ஜர், நாலில் நகவெட்டி என்று போனது. மூடி திறக்கிற நேரத்தில்கூட அவனுக்குக் கோபம் வரும் என்று டப்பாக்களை மூடியில்லாமல் வைத்தாள். பரணில் கிடந்தது, கட்டிலுக்கு அடியில் கிடந்தது எல்லாவற்றையும் இறக்கி, ஒன்று விடாமல் பார்த்து, ஒன்று விடாமல் இடம் கொடுத்தாள். சுகப்பிரியா சீட்டு எழுதி ஒட்டினாள். வீட்டில் எத்தனை பொத்தான் கிடக்கிறது என்பதுகூட சண்முகவடிவுக்குத் தெரியும் என்கிற நிலைமை வந்துவிட்டது.

மாசி, பங்குனி, சித்திரை, மூன்று மாதம் அடியில்லை. அவன் வாயைத் திறக்கும் முன்னால் பொருள் கையில் இருந்தது. அவன் ஒருநாள் சுவரைப் பார்த்து, கடை மாதிரி வச்சிருக்கியே என்றான். அதைப் பாராட்டு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

வைகாசிக் கடைசியில், பள்ளிக்கூடம் திறந்த வாரம் ஒருநாள், வீரசோழன் ஊருக்கு ஏற்றிப்போன லோடை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். வெயில் இறங்காத நாலு மணிக்கு பால்பாண்டி வீட்டுக்கு வந்தான். தண்ணீர் கேட்டான், இருந்தது. சார்ஜர் கேட்டான், மூன்றாவது பையில் இருந்தது. வேட்டி, துண்டு, தலைவலித் தைலம். எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகக் கையில் வாங்க வாங்க அவன் மூச்சு ஏறிக்கொண்டே போனதை அவள் கவனித்தாள். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பை பையாகப் பார்த்தான்.

"பச்ச டைரி எங்க?"

அவளுக்கு விளங்கவில்லை. எந்த டைரி என்று கேட்டாள்.

"பச்ச டைரிடி. இங்கனதான் வச்சேன். எங்க தூக்கிப் போட்ட?"

முந்தின வருஷமாக இருந்தால் பதறிக்கொண்டு பரணில் ஏறியிருப்பாள். தான்தான் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டோம் என்று நம்பியும் இருப்பாள். இப்போது அப்படி நம்ப வழியில்லை. இந்த வீட்டில் பச்சை டைரி கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்தது இல்லை. அது தெரிந்த நிமிஷத்திலேயே நகவெட்டியும் சாவியும் ரேஷன் கார்டும் என்னவென்று தெரிந்துவிட்டது.

"அப்பிடி ஒண்ணு நம்ம வீட்டுல இல்ல. இருந்ததும் இல்ல."

அவன் எழுந்து துணிப்பையைக் கொக்கியோடு பிடுங்கினான். டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் மேல் வீசினான். தோளிலும் முதுகிலும் பட்டுச் சில்லுச் சில்லாகத் தெறித்தது. சில்லு கிழித்து முன்கையில் ரத்தம் வந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. எறிந்தது எதுவும் சரியாக விழாத கோபத்தில் பக்கத்தில் வந்தான். எப்போதும் வலது கையால் அடிக்கிறவன். எதிரே நின்றால் அந்த அடி செத்த காதில்தான் விழும். இந்தத் தடவை வலது கையால் அவள் கொண்டையைச் சுற்றிப் பிடித்தான். இடது கையை ஓங்கினான்.

அந்தக் கை எந்தக் காதுக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தலையை விடுவிக்கப் பார்க்கவில்லை. பிடித்த பிடியோடு முன்னால் பாய்ந்து, இறங்கிவந்த மணிக்கட்டைப் பல்லால் கவ்வினாள். அவன் உதறினான், அவள் மண்டையைச் சுவரில் மோதினான், முழங்காலால் வயிற்றில் இடித்தான். வாய் உப்புக் கரித்தது. அவள் விடவில்லை. பள்ளிக்கூடச் சீருடையோடு வாசலுக்கு வந்த சுகப்பிரியா போட்ட சத்தத்தில் தெரு கூடியது. அவன் கொண்டையை விட்ட பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என்னைக் கடிச்சிட்டா என்று தெருவுக்கே சொன்னான்.

கிழிந்த ஜாக்கெட்டு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். பஸ்ஸில் மகள் வலது பக்கம் உட்கார்ந்து, கேக்குதாம்மா, கேக்குதாம்மா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கேக்குது, கேக்குது என்று அருப்புக்கோட்டை வரைக்கும் சொன்னாள்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதிய போலீஸ் அம்மா, எதுக்காக அடிச்சாரு என்று கேட்டார். இல்லாத டைரியைக் கேட்டு அடித்தார் என்றாள். இல்லைன்னு எப்படிம்மா அவ்வளவு நிச்சயமாச் சொல்ற, எங்கேயாவது கிடக்கும் என்றார் அவர். சண்முகவடிவு வாசல் சுவரில் ஆரம்பித்து, பை பையாக, டப்பா டப்பாவாக, வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் சொன்னாள். சமையலறைக்கு வருவதற்குள் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போதும்மா என்றார். மாடிப்படியில் விழுந்த கதையையும் அன்றைக்கு மாற்றி, உள்ளதைச் சொன்னாள்.

அரசாங்கத்தில் கட்டிக்கொடுத்த வீடு, காகிதம் அவள் பேரில் இருந்தது. பால்பாண்டி பந்தல்குடியில் அவன் அண்ணன் வீட்டுக்குப் போவது என்று எழுதி வாங்கினார்கள். மறுநாள் காலையில் துணிமணியை எடுத்துப் போக வந்தான், மணிக்கட்டில் கட்டோடு. கூட ஒரு பெண் போலீஸ் வந்து வாசலில் நின்றார்.

அவன் உடைத்ததை அவள் கூட்டி அள்ளவில்லை. சுவர் வெறுஞ்சுவராக இருந்தது. பையில் இருந்ததெல்லாம் சில்லோடு சில்லாகத் தரையில் கிடந்தது. சட்டையை எடுத்தான், வேட்டியை எடுத்தான். குனிந்து எதையோ துழாவிவிட்டு நிமிர்ந்தான்.

"லைசென்ஸ் எங்க?"

முதல் பை என்று சொல்ல அவள் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள்.

"தேடிப் பாருங்க."

அவன் தேடினான். அவள் வாசல்படியில் உட்கார்ந்து, அங்கன்வாடிக்கு நேரமாகிவிட்டது என்று தலையை வாரிக்கொண்டிருந்தாள்.