எங்கள் கம்பத்தைப் பார்த்த பைனாகுலர்

எங்கள் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பைனாகுலர் இருக்கிறது. அதன் தோல் வார் வியர்வையில் கறுத்து, அறுந்த இடத்தில் தூண்டில் நரம்பால் கட்டப்பட்டிருக்கும். மகள் கேட்டால் கொடுப்பேன். கீழே லயத்து வீட்டு வரிசைப் பக்கம் மட்டும் திருப்பாதே என்று என்னையறியாமல் சொல்லிவிடுவேன்.

ஒரு காலத்தில் அது அந்த லயத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருந்தது. பிடித்திருந்தவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார். அப்போது மகளுக்கு ஐந்து மாதம். கணவர் கியா பார்ம் சந்தையிலிருந்து காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பகல் முழுக்க நானும் குழந்தையும்தான். ஆபீஸ் மேட்டில் இருந்தது; அதற்கு நேர் கீழே எங்கள் வீட்டின் பின்புறம். சாப்பாட்டு நேரத்தில் கிராணியார் கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் படியில் வந்து நின்று பைனாகுலரைத் தூக்குவார். எங்கள் துணிக்கொடியும், தாழ்வாரத்தில் நான் நீலப் புடவையில் கட்டிய தூளியும் அந்தத் திசையில்தான் இருந்தன. துணி காயப்போடவே கூசியது.

“உன் வீட்டுல என்னடி, தங்கமா காயுது?” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் கிராணியார் மேலிருந்து குரல் கொடுத்தார். “கம்பத்துல பாரும்மா, குடுமிப் பருந்துக் குஞ்சு! கோழிய பத்திரமா பாத்துக்கச் சொல்லு அக்காவ.”

எங்கள் வீட்டை ஒட்டிய மின்கம்பத்தின் உச்சியில் ஒரு பறவை இருந்தது உண்மை. வெளுத்த தலை, பால் நிற மார்பு. கைப்பேசியில் தேடினேன், குடுமிப் பருந்து கறுப்பாக இருந்தது. தண்ணீர்க் குழாய் பற்றிச் சொல்லும் சாக்கில் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். “குஞ்சு வேற நிறம், தாய் வேற நிறம்மா. வளர வளரத்தான் கறுக்கும்” என்றார். பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது போலிருந்தது. அக்காவின் கோழிகளோ அந்தக் கம்பத்தடியிலேயே நிம்மதியாகக் கிளறிக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை.

கணவரிடம் சொன்னேன். “பருந்தப் பாக்குறாரா, ஒன்னப் பாக்குறாரா லா? நாளைக்கே மேனேஜர்ட்ட சொல்லிடுறேன்” என்றார். சொன்னால் அந்த மனிதரின் பெயர் அன்றோடு போய்விடும். சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால்? ஒருநாள் பொறுங்கள் என்றேன். சொன்னதும், பொறுக்கச் சொன்னது சரியா என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் பறவையைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, குடுமிப் பருந்துக் குஞ்சின் படத்தோடு ஒப்பிட்டேன். இறகெல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. உடம்பின் அளவும் ஏறக்குறைய அதேதான். ஆனால் வடிவம் ஒட்டவில்லை. அந்தக் குஞ்சுக்குக் கழுத்தே தெரியாது, கோபமான புருவம், விரல்வரை கால்சட்டை போட்டதுபோல இறகு. கம்பத்தில் இருந்ததற்கோ புறாவுடையதைப் போலச் சின்னத் தலை, நீண்ட கழுத்து, இறகில்லாத மஞ்சள் கால். மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். குழந்தையைத் தூளியில் போட்டு, அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேடேறினேன்.

கைப்பேசியை நீட்டினேன். கிராணியார் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, நெடுநேரம் பார்த்தார்.

“ஏமாந்துட்டேன்மா. இது தேன்பருந்துக் குஞ்சு. சின்னதுல குடுமிப் பருந்தோட சட்டைய மாட்டிக்கிட்டுத் திரியும். நான் சட்டையத்தான் பாத்திருக்கேன்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இது கோழியத் தொடாதே. குளவிக் கூட்டப் பிச்சுத் திங்கிற சாதி. குளவி போற வழியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும்...” கம்பத்தையும் எங்கள் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். “பாப்பா எங்கம்மா தூங்குது?”

வீட்டுக்கு ஓடினேன்.

தூளிக்கு நேர் மேலே, கூரை ஓரப் பலகைக்குப் பின்னால், குடத்தளவு கூடு இருந்தது. அண்ணாந்து பார்க்கத் தோன்றாமல் எத்தனை நாள் அங்கே தாலாட்டியிருக்கிறேன்! மாலையில் தீயணைப்பு பொம்பா ஆட்கள் வந்து எடுத்தார்கள். கணவர் மேனேஜரைப் பார்க்கப் போகவில்லை; கிராணியாருக்கு ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி கொண்டுபோய்க் கொடுத்தார்.

கூடு போன பிறகும் என் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. பறவை உண்மை என்பதால் மனிதரும் நல்லவர் என்று ஆகிவிடுமா? சில நாள் கழித்துத்தான் அவருடைய கேள்வி உறைத்தது. அந்தப் படியில் நின்றால் எங்கள் நீலத் தூளி வெறும் கண்ணுக்கே தெரியும். என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் குழந்தை எங்கே தூங்குகிறது என்று கேட்க வேண்டியிருக்காது. அத்தனை நாளும் அவர் கம்பத்து உச்சியைவிட்டுக் கண்ணை இறக்கவே இல்லை.

ஓய்வு பெற்று ஈப்போவுக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது பைனாகுலரைப் பாப்பாவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீடும் இப்போது மேட்டில், பழைய ஆபீசுக்குப் பக்கத்தில். போன வாரம் அந்தக் கம்பத்தில் ஏதோ வெளுப்பாகத் தெரிய, எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி வட்டத்துக்குள் கம்பத்து உச்சியும் வானமும் மட்டும்தான். தலை சிறியதா, கழுத்து நீளமா என்று பார்ப்பதற்குள் பறந்துவிட்டது. பைனாகுலரை இறக்கினேன். கீழே, நாங்கள் இருந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். கொடியிலிருந்த துணியை உருவி, குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் அவள் வீட்டுக் கூரை ஓரத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.