மரை வேட்டைக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி

1. கரிபூவுக்குக் கீழே என் கதிரை

முட்டைகூடத் தொடாத நான் மெல்பேர்னுக்குப் பக்கத்தில், டண்டினோங்கில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்கு வேலைக்குப் போன முதல் நாள், முதலாளி கொலின் ஒரு கரிபூ மானின் தலைக்குக் கீழே எனக்குக் கதிரை போட்டுத் தந்தார். வட துருவப் பக்கம் போய் அவரே சுட்டுக்கொண்டு வந்த தலை அது. கொம்பு சுவரில் பாதியை அடைத்திருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும், குளித்துவிட்டுத்தான் குசினிக்குள் கால் வைக்கலாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். நான் தொட்டதெல்லாம் சப்பாத்தும் கூடாரமும்தான் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

போன வருடம் ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரைதான் என் இடம். கரிபூவுக்காக எங்கள் கடைக்கு யாரும் வருவதில்லை. அது காசுக்காரர்களின் கனவு. எங்கள் வாடிக்கையாளர்கள் கிப்ஸ்லாந்து மலைகளில் சாம்பார் மான் தேடிப் போகிறவர்கள். துவக்கு, சன்னம் எல்லாம் கொலினின் பக்கம். எனக்குத் தந்த வேலை போனும் பலகையும்.

மலைக்காட்டுப் பாதைகளின் நிலவரம் எழுதுகிற அந்தப் பலகையை நாங்கள் ட்ராக் போர்ட் என்போம். காலையில் வந்ததும் மலைப்பக்கத்துப் பெற்றோல் நிலையங்களுக்கும் கரவன் பார்க்குகளுக்கும் போன் போடுவேன். எந்த ட்ராக்கில் கேற் பூட்டியிருக்கிறது, எங்கே மரம் விழுந்து கிடக்கிறது, எந்த ஆற்றை வாகனத்தோடு கடக்கலாம், பனி எதுவரை இறங்கியிருக்கிறது என்று கேட்டு எழுதுவேன். குளிர்காலத்தில் பாதி ட்ராக்குகளைப் பூட்டிவிடுவார்கள். பிறகு கேற்றுக்கு வெளியே வாகனத்தை விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். மிருகம் எங்கே நிற்கிறது என்று நான் சொன்னதில்லை, மனிதன் எதுவரை போகலாம் என்பதை மட்டும் சொல்வேன்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. மலைக்குப் போகிற எவரிடமும், எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கேட்டு வைக்க வேண்டும். ஆள் வராவிட்டால் தேடுவதற்கு அதுதான் வழி. நல்ல சட்டம்தான், ஆனால் என் வாயில் அது வராது. வெளிக்கிட்டுப் போகிற ஒருவரை எங்கே என்று கேட்டால் போன காரியம் கெட்டுப்போகும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். மிஞ்சிப்போனால் "தூரத்துக்கோ?" என்று கேட்போம். நான் அதையே ஆங்கிலத்தில் கேட்டுச் சமாளித்தேன். எல்லாரும் தூரத்துக்குத்தான் போகிறார்கள், அதனால்தான் கூடாரம் வாங்குகிறார்கள் என்று கொலின் சிரிப்பார்.

2. தவராசா அண்ணை

எங்கள் கடைக்கு வந்த ஒரேயொரு தமிழ் வேட்டைக்காரர் தவராசா அண்ணை. வன்னிக்காரர், டைல் பதிக்கிற வேலை. முழந்தாளில் நின்று அரை மெல்பேர்னுக்கு டைல் பதித்ததில் வலது முழங்கால் போய்விட்டது. லைசென்ஸ் எடுத்து, முறையாகத் துவக்கு வாங்கி, தனியாகத்தான் மலைக்குப் போவார். சாம்பார் என்ற பெயரை அவர் ஏற்றுக்கொள்ளவேயில்லை.

"இது எங்கட மரை, தம்பி. எங்களுக்கு முந்திக் கப்பலேறி வந்திட்டுது, அவ்வளவுதான்" என்பார்.

அது உண்மைதான் என்று பின்னர் கொலினும் சொன்னார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இலங்கையிலிருந்தும் கொண்டுவந்து விட்ட மான்களின் வழிவந்தவையும் அந்த மலையில் நிற்கின்றனவாம். அண்ணைக்கு அதில் ஒரு பெருமை. எனக்கும்தான், என்னவோ நானே கூட்டிவந்ததுபோல.

இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிற சற்றலைற் கருவி ஒன்றை அவருக்கு விற்கப் பலமுறை பார்த்தேன். காசைக் கொடுத்துக் காட்டிக் கொடுக்கிறவனை வாங்குவதா என்று கேட்டார். வன்னியில் வேட்டைக்குப் போகிறவன் பெண்சாதிக்கும் இடம் சொல்லமாட்டானாம். அவரும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். இரண்டு பேருக்கும் அது மிகவும் வசதியாக இருந்தது.

ஒரு குளிர்காலத்தில், வெள்ளிக்கிழமையொன்றில் காஸ் குப்பியும் கம்பளிக் காலுறையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். தூரத்துக்கோ என்று கேட்டேன்.

"ஓம், கொஞ்சம் தூரம். ஞாயிறு பின்னேரம் வந்திடுவன். போட்டு வாறன்" என்றார்.

சனிக்கிழமை பனி வழமையைவிடக் கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மழை.

3. பலகைக்கு முன்னால்

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே அவருடைய மனைவி மங்கையக்கா வாசலில் நின்றார். அழவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவர் இன்னும் வரேல்லை. எங்கை போனவரெண்டு உங்களிட்டையெண்டாலும் சொன்னவரோ?"

இல்லையக்கா என்று சொல்லிக் கொலினைக் கூப்பிட்டேன். கொலின் உடனே பொலிஸுக்குப் போன் போட்டார். தேட ஆட்கள் தயார், எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பலகையிலிருந்த இடமெல்லாம் தேடுவதென்றால் கிழமைக்கணக்கில் எடுக்கும். நனைந்த உடுப்போடு பனிக்குள் இருக்கிற மனிதனுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

மங்கையக்காவைக் கரிபூவுக்குக் கீழே என் கதிரையில் இருத்திவிட்டுப் பலகைக்கு முன்னால் நின்றேன். அந்தக் கிழமை முழுவதும் அண்ணை என்னிடம் என்னென்ன கேட்டார் என்று யோசித்தேன். பிளாக் கல்லியில் மழையோ என்று கேட்டார். டெட் ஹோர்ஸ் ட்ராக்கில் மரத்தை எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். மேல் பாலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். இவற்றில் ஏதோ ஒன்றுதான் என்று சத்தமாகச் சொன்னேன்.

மங்கையக்கா இல்லையென்று தலையாட்டினார். "அப்ப அங்கையெல்லாம் போயிருக்கமாட்டார். அவர் ஆசைப்பட்டதைப் பற்றி வாயே திறக்கமாட்டார், தம்பி. என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு எங்கட வீட்டில எல்லாரோடையும் கதைச்சவர். ஆட்டுக்குட்டியைப் பற்றியும் விசாரிச்சவர். என்னைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை."

நான் மறுபடி பலகையைப் பார்த்தேன். மில் கிறீக். கேற் பூட்டு, தண்ணீர் ஏறுகிறது என்று என் கையெழுத்தில் முதல் வரியிலேயே இருந்தது. அந்த வரிக்கு நேரே நின்று மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கேட்ட மனிதன், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் பெரிய ஏற்றமில்லாத பள்ளத்தாக்கு. பழுதான முழங்காலோடு நடக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

பொலிஸுக்குக் கொலின் அதைச் சொன்னபோது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மனைவி சொல்கிறார் என்றார் கொலின். ஆட்டுக்குட்டியை அவர் சொல்லவில்லை.

பின்னேரம் போன் வந்தது. மில் கிறீக் கேற்றுக்குப் பக்கத்தில், மரங்களுக்குப் பின்னால் அண்ணை ஒளித்து விட்டிருந்த யூட் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓடை பெருகி அக்கரையில் மாட்டிக்கொண்ட அண்ணை, முழங்கால் பனங்காய்போல வீங்கி, ஒரு தறப்பாளுக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். இன்னும் ஓர் இரவு தாங்கியிருக்கமாட்டார் என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். மங்கையக்கா அப்போதுதான் அழுதார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் பின்னால் போய் நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அண்ணை கேட்ட முதல் கேள்வி, இடத்தைக் காட்டிக் கொடுத்தது யார் என்பதுதான். நான்தான் என்றார் மங்கையக்கா. அண்ணை யன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் மனைவியின் கையை விடவில்லை.

4. கேட்கிற நேரம்

அதன் பிறகு நான் எல்லாரிடமும் கேட்கத் தொடங்கினேன். சாத்திரத்தையும் விடவில்லை. வாசலைத் தாண்டுகிறவரைத்தானே கேட்கக்கூடாது? ஆள் கடைக்குள் வந்து பலகையைப் பார்க்கும்போதே, எங்கே, எப்போது திரும்புவது என்று கேட்டுவிடுவேன். போகும்போது போய் வாருங்கள் என்பதோடு சரி. இப்போது என் இடத்தில் இருப்பவருக்கும் அதையே சொல்லிவிட்டு வந்தேன். பயத்தையும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டே கேட்க வேண்டியதைக் கேட்கலாம், நேரம் பார்த்துக் கேட்டால் போதும்.

கேற்றுகள் திறந்த பிறகு ஒருநாள் தவராசா அண்ணை வந்தார். புது முழங்கால், கையில் தடி. நான் வாய் திறக்கமுன்பே பலகைக்குப் போய் முதல் வரியில் விரலை வைத்தார்.

"மில் கிறீக்கில தண்ணி எப்பிடி?"

இத்தனை வருடத்தில் போகப் போகிற இடத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. தண்ணீர் வடிந்துவிட்டது என்றேன். மங்கையக்காவிடம் சொன்னீர்களா என்றும் கேட்டேன்.

"சொன்னனான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கேக்கையே சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை." அண்ணை தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விடிய எழும்பி ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டினவ."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். யூட்டின் முன்சீட்டில், என்னிடம் வாங்கிய கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, மங்கையக்கா இருந்தார். தூரத்துக்கோ என்று நான் கேட்கவில்லை. வாசல்வரை போய், ரெண்டு பேரும் போட்டு வாங்கோ என்றேன்.