கலாவதி போட்ட புதிர் நடை

கலாவதிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும். தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் அவள் புளியோதரைக் கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. பின்னே, கோபம் வராதா?

ஈரோட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தியவள். தொண்ணூற்று நாலில் கணவர் சேனாபதியோடு அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊருக்கு வந்தாள். விசா வேலைக்கு விடவில்லை, கார் ஓட்டவும் தெரியாது. பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் ஒட்டியிருந்ததால் லைப்ரரி முதல் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் ‘மிஸஸ் சேனாபதி’. நம்மவர்களாவது பெயரைக் கேட்டார்களா? ‘சேனாபதி ஒய்ஃப்’, அவ்வளவுதான்.

வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் ஊரைச் சுற்றி நடந்தாள். அந்த நடையில் பிறந்ததுதான் பிக்னிக்குக்கான புதிர் நடை. சர்ச் வாசல் கல்லில் உள்ள வருஷத்தின் இலக்கங்களைக் கூட்டினால், எத்தனையாவது விளக்குக் கம்பத்தில் அடுத்த புதிர்ச் சீட்டு இருக்கிறது என்று தெரியும். இப்படி ஏரியைச் சுற்றிலும் ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் யோசித்துப் போட்டாள்.

சங்கத் தலைவர் பத்மநாபன் மைக்கில், “இதை டிசைன் பண்ணின நம்ம சேனாபதிக்கு ஒரு கை தட்டுங்க!” என்றார். சேனாபதி மைக்கை வாங்கி, “ஏதோ என்னால முடிஞ்சது” என்று குழைந்தார். அப்போதுதான் கரண்டி விழுந்தது.

சர்ச் புதிரில் திணறியவர்கள் சேனாபதியிடம் ஓடி வந்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார்.

“நீங்க போட்டதுதானே, நீங்களே சொல்லுங்க” என்றாள்.

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி, கூட்டத்தை ஏரியின் அந்தக் கோடிக்கு அனுப்பினார். வெயிலில் அலைந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். பத்மநாபன், “புதிர்லயே மிஸ்டேக் போல, கேன்சல் பண்ணிடலாம்” என்றார்.

கலாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெயர் போனதைக்கூடப் பொறுத்திருப்பாள். கணக்கில் தப்பென்றால்? நேரே போய் மைக்கைப் பிடுங்கினாள்.

“புதிர்ல தப்பு இல்ல. வழி சொன்னவருக்குத்தான் வழி தெரியல. போட்டது நான். என் பேரு கலாவதி. வர்றவங்க என் பின்னால வாங்க.”

பாதிப் பேர் போனார்கள். கடைசிச் சீட்டு வரை எல்லாம் சரியாக இருந்தது.

திரும்பும்போது காரில் சேனாபதி பொரிந்தார். “அத்தனை பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!”

“மைக் முதல்ல உங்க கையிலதாங்க இருந்துச்சு. பொண்டாட்டி பேரைச் சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரல.”