ஜஹானாரா அடித்த மணி

அல்தாப்புக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழில் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் பில் போடுவதுதான் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பிரெட்போர்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அது வரிசை வரிசையாகத் துளை போட்ட ஒரு வெள்ளைப் பலகை. ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். ஒயரைத் துளையில் செருகினால் இணைப்பு வந்துவிடும். தொட்டி நிறைந்தால் கத்துகிற கருவி, இருட்டினால் தானாக எரிகிற விளக்கு என்று என்னென்னவோ செய்வான். ஒருமுறை வேலை செய்துவிட்டால் பிரித்துப் போட்டுவிடுவான்.

"பிரிக்கறதுக்கு எதுக்குங்க செய்யறீங்க?" என்று அவன் மனைவி ஜஹானாரா கேட்பாள். அவன் சிரித்துவிட்டு வேறு எதையாவது தேடப் போவான்.

ஜஹானாராவுக்கு நாற்பத்து மூன்று வயதில் முதலில் கையிலிருந்து சாமான்கள் நழுவின. பிறகு செருப்பு காலில் நிற்கவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், மருந்து இல்லை.

"மூளைக்கு ஒண்ணும் ஆகாது. கடைசி வரைக்கும் எல்லாம் கேக்கும், எல்லாம் புரியும்" என்றார்.

மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்ட அல்தாப்புக்கு அந்த ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டில் பேச்சு குழறி, பிறகு நின்றது. அவளை முன்னறையில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மகள் ஜோயா கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தாள். காலையில் அவள் போன பிறகு பக்கத்து வீட்டு கமலவேணி வந்து பார்த்துக்கொள்வாள். அல்தாப் தன் வெள்ளைப் பலகையில் ஒரு சின்ன பட்டனையும் மணியையும் இணைத்து, பட்டனை ஜஹானாராவின் விரலுக்கு அடியில் ஒட்டினான். ஒரு வாரம் நன்றாக அடித்தது.

பிறகு ஒரு நாள் மதியம் அவளுக்கு எச்சில் புரையேறியது. அவள் பட்டனை அழுத்தினாள். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கமலவேணிக்கு எதுவும் கேட்கவில்லை. எதேச்சையாக உள்ளே வந்தவள்தான் அலறிக்கொண்டு தூக்கி நிமிர்த்தினாள். கடையிலிருந்து ஓடிவந்த அல்தாப் முதலில் பலகையைத்தான் பார்த்தான். மணிக்குப் போகும் ஒயர் துளையிலிருந்து ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது.

அன்று தொடங்கியது அவன் தேடல். அவளைப் புரட்டும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டியிருந்ததால் ஈயம் வைத்து ஒட்டிவிட முடியாது. ஒயர் முனையைக் கிளிக்கென்று பூட்டிக்கொண்டால் தானாகக் கழலாத கனெக்டர் வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த ரேடியோ சாமான் கடைகளில் இரண்டு, செல்போன் உறை விற்கும் கடைகளாக மாறிவிட்டிருந்தன. மிச்சமிருந்த ஒன்றில் சுப்பையன் என்ற வயதானவர் உட்கார்ந்திருந்தார்.

"லாக் ஆகற கனெக்டர் இருக்குங்களா? ரெண்டரை மில்லி, மூணு பின்னு."

அவர் ஒரு டப்பாவைத் தட்டிக் காட்டினார். "மேல் கூடு மட்டும் இருக்குதுங்க. உள்ள போற பின்னு தீந்து வருசமாச்சு."

"பின்னு இல்லாம கூட்ட வெச்சு என்னங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அதனாலதான் அது கெடக்குது."

இதற்குள் ஜஹானாராவின் விரல் நின்றுபோனது. தொட்டாலே போதும் என்கிற சென்சாரைக் கால் கட்டைவிரலுக்குக் கொடுத்தான். காலும் அசையாமல் போனது. கடைசியில் கண்தான் மிச்சம். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சென்சாரை வைத்து, அவள் இமையை அழுத்தி மூடினால் மணி அடிக்கும்படி செய்தான். சாதாரண ஒயர் விறைப்பாக இருந்து கண்ணாடியைக் கீழே இழுத்தது. இயர்போன் ஒயர் மெலிசுதான், ஆனால் அதில் ஈயம் ஒட்டவில்லை. செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் பழைய இரும்புக் கடையில் உடைந்த பிரிண்டர் ஒன்றைப் பார்த்து, அதற்குள்ளிருந்த பட்டை ஒயரை உருவிக்கொண்டு வந்தான். அது துணிபோல் வளைந்தது. ஆனால் பலகையில் செருகும் முனை மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது. சில நேரம் மின்விசிறி சுற்றும் அதிர்விலேயே மணி தானாக அடித்தது.

இருந்தாலும் அவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு மணி என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"வெயில் அடிக்குதா? சன்னல சாத்தவா?" இரண்டு மணி.

"ஜோயா வெச்ச கொழம்பு வாசம் நல்லாருக்கா?" கொஞ்சம் யோசித்து, இரண்டு மணி. ஜோயா "அம்மா!" என்று கத்தினாள். பல மாதம் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஓமலூரிலிருந்து அல்தாப்பின் அக்கா ஹஃப்சா வந்தாள். ஜோயாவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தாள். பையன் அப்ரார், ஓமலூரிலேயே தன் அப்பாவோடு அரிசி மண்டியைப் பார்த்துக்கொள்கிறவன். குறை சொல்ல ஏதுமில்லை.

"தாய் கண்ணு மூடறதுக்குள்ள மகளோட நிக்காஹ பாத்துரணும்டா தம்பி. ஜஹானாரா பொறந்த ஊட்டுல எல்லாருமே அதத்தான் சொல்றாங்க."

"இன்னும் ஒரு வருசம் படிப்பிருக்குக்கா."

"அங்க போயும் படிக்கலாம். யாரு வேண்டாங்கறா?"

ஜோயா சுவரைப் பார்த்தபடி, "அம்மா சரின்னா எனக்கும் சரி மாமி" என்றாள்.

எல்லோரும் கட்டிலருகே வந்தார்கள். அல்தாப் குனிந்து கேட்டான். "ஜஹானா, ஜோயாவுக்கு இப்ப முடிச்சரலாமா?"

மணி அடித்தது. இன்னொரு முறையும் அடித்தது.

"ரெண்டு" என்றாள் ஜோயா மெதுவாக.

"அது தானா அடிக்குது" என்றாள் ஹஃப்சா. "நான் வந்ததுலருந்து பாக்கறேன், அவ தூங்கறப்பகூட அடிச்சுது."

அல்தாப் மின்விசிறியை நிறுத்தினான். முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டான். ஒரு மணி அடித்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஜஹானாராவின் கண் நிறைந்து தண்ணீர் வழிந்தது. சென்சார் நனைந்ததும் மணி நிற்காமல் கத்தத் தொடங்கியது. அல்தாப் ஒயரைப் பிடுங்கினான்.

"பாவம், அவளப் போட்டு வாட்டாதடா" என்று சொல்லி, ஹஃப்சா கண்ணாடியைக் கழற்றி அவள் முகத்தைத் துடைத்தாள். அன்போடுதான் துடைத்தாள்.

ஜஹானாரா 'இல்லை' என்றுதான் சொன்னாள் என்று அல்தாப்புக்குப் பட்டது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவன் கட்டிய சுற்றையே அவனால் நம்ப முடியவில்லை. நல்ல கனெக்டர் ஒன்று இருந்தால் இன்னொரு முறை கேட்டுவிடலாம், யாரும் மறுக்க முடியாதபடி கேட்டுவிடலாம் என்று நினைத்தான். அக்காவிடம் கொஞ்ச நாள் தவணை வாங்கிக்கொண்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டான். பார்சல் வந்தது. பின், கூடு எல்லாம் இருந்தன. செருகிப் பார்த்தால் போகவில்லை. படத்தில் அதே அளவாகத் தெரிந்தது, கையில் அரை மில்லி சின்னதாக இருந்தது. திருப்பி அனுப்பி, வேறு போட்டான்.

ஓமலூர்க்காரர்கள் அதற்குமேல் பொறுக்கவில்லை. "புடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க" என்றார்கள். அல்தாப் சரி என்று தலையாட்டினான்.

நிக்காஹ் வீட்டிலேயே நடந்தது. ஆட்கள் வருவார்கள் என்று கண்ணாடியையும் பலகையையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஜோயா குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தம் வைத்தபோது ஜஹானாரா கண்ணைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியான கனெக்டர் அதற்குப் பிறகு வந்தது. அழுத்தினால் கிளிக்கென்று பூட்டியது, இழுத்தாலும் வரவில்லை. அல்தாப் கண்ணாடியை மாட்டிவிட்டு, "ஜஹானா, கேக்குதா?" என்றான். அதற்குள் இமைகளும் தளர்ந்திருந்தன. பாதி மூடியபடியே நின்றன. அவன் வெகுநேரம் காத்திருந்தான். சுற்று துல்லியமாக இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் அவள் இறந்துபோனாள்.

ஜோயா படிக்கப் போகவில்லை. மாமியாருக்கு முட்டி வலி, அப்புறம் ஜோயா உண்டானாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நாள்தான் போனது. ஒருமுறை வந்திருந்தபோது சாப்பிட்ட தட்டில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தா, அன்னிக்கு அம்மா அடிச்சது ரெண்டுதானே?"

"ரெண்டுதான் கண்ணு."

"அப்ப ஏன் சரின்னீங்க?"

"ஒயரு லூசா இருந்துச்சு."

அவள் கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அல்தாப் ஓமலூர் பஸ்ஸில் சன்னலோரமாக அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். இறங்கி வெளியே நின்று, தண்ணீர் பாட்டில் வேண்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பஸ் நகர்ந்தது.