பட்டறைக்கு வந்த அட்வான்ஸ்

அன்றைக்கு எங்கள் வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், காலேஜ் லீவில் வந்திருந்த மகள், லெப்பைக்குடிக்காட்டு வெங்காய வியாபாரி. வியாபாரியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைப் பறித்ததும் விற்றுவிட மாட்டோம். விளைந்த காட்டிலேயே தாளோடு அடுக்கி, சுற்றிலும் சோளத்தட்டை கட்டி, மேலே ஓலை போட்டு, விலை ஏறும்வரை வைத்திருப்போம். அதுதான் பட்டறை. காற்று உள்ளே போக வேண்டும், தண்ணீர் போகக் கூடாது. மேகம் கறுத்தாலே ஓலையைச் சரிபார்க்க ஓடுவேன். அந்த வருடம் கூடுதலாகவே ஓடினேன். மகளின் காலேஜ் ஃபீஸ் அந்தப் பட்டறைக்குள்தான் இருந்தது.

பாய் தட்டையை விலக்கிக் கைப்பிடி வெங்காயம் எடுத்தார். அழுத்திப் பார்த்தார். நல்ல விலை சொன்னார்.

"அமாவாசைக்குள்ள லாரியோட வந்து எடுத்துக்கிறேன். இந்தா, இருபதாயிரம். அட்வான்ஸா இருக்கட்டும்."

நான் கையை நீட்டவில்லை.

"என்ன தங்கச்சி, நோட்டு சுடுதா?"

"இல்ல பாய், நீங்க வராம போயிட்டா?"

"வருவேன், இன்ஷா அல்லாஹ்."

"அவ அப்படித்தான் பாய்," என்றார் என் வீட்டுக்காரர். "பஸ்ஸுல ஏறி உக்காந்தப்புறமும் இது பெரம்பலூர் பஸ்தானான்னு நாலு பேருகிட்ட கேப்பா."

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அட்வான்ஸ் என்ற இந்த இங்கிலீஷ் வார்த்தையோடு நிறையப் பட்டிருக்கிறேன். பெரம்பலூரில் கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்தோம். அப்போது கொடுத்த அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், கல்யாணமே நின்றாலும் திரும்பாது. பண்டிகைக்கு நாலு நாள் முன்பே செல்போனில் அட்வான்ஸ் வாழ்த்து வருகிறது. அதையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மகள் எதிர்த்துப் பேசினால் என் மாமியார், "இது ரொம்ப அட்வான்ஸு" என்பார். அது வசவு.

மகள் அரியலூரில் இங்கிலீஷ்தான் படிக்கிறாள். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு செல்போனைத் தடவினாள்.

"ம்மா, இது லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்திருக்கு. ‘முன்னால இருந்து’ன்னு அர்த்தம். முன்னேறிப் போறதுக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்காங்க, பணத்துக்கு வந்தது பின்னாடி. அப்புறம், நடுவுல இருக்கிற ‘ட்’ மொதல்ல கெடையாதாம். படிச்சவங்க தப்பா நெனச்சுக்கிட்டு சேத்துட்டாங்களாம்."

"சேத்தவன் திருப்பி எடுத்துக்கலையா?" என்றார் பாய்.

"இல்லீங்க."

"பாத்தியா தங்கச்சி, குடுத்தது குடுத்ததுதான். புடி."

வாங்கிக்கொண்டேன். மறுநாளே ஃபீஸ் கட்டிவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அட்வான்ஸ் வாங்கிய பட்டறையை வேறு வியாபாரிக்குத் திறந்து காட்டக் கூடாது. சொன்ன கெடுவுக்குள் வியாபாரி வராவிட்டால் வெங்காயமும் நமக்கு, அட்வான்ஸும் நமக்கு. எழுத்து எதுவும் கிடையாது.

அமாவாசைக்கு முன்பே விலை சரிந்தது. அமாவாசை போனது, லாரி வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அடியில் கை விட்டுப் பார்த்தேன், வெங்காயம் வேர்த்திருந்தது. இனி தாங்காது என்று திருச்சி மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்டோம். பாய் பேசிய விலையில் பாதிதான் கிடைத்தது. அட்வான்ஸையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய நட்டம் இல்லை.

"அந்தக் காசு நம்மளுது. நீ பேசாம இரு," என்றார் வீட்டுக்காரர்.

என்னால் முடியவில்லை. கடைத்தெருவில் பாய் எதிரே வந்தால் எந்த முகத்தோடு நிற்பது? அடுத்த வருடம் நம் பட்டறையை யார் எட்டிப் பார்ப்பார்கள்? வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் பாய்க்கு போன் போட்டேன்.

"பாய், லாரி வரலைன்னு வெங்காயத்த வித்துட்டோம். அந்தப் பணம்..."

"வழக்கம் தெரியும்ல தங்கச்சி? நான் அதை விட்டுட்டேன்."

அதோடு போனை வைத்திருக்கலாம். "உங்களுக்கு ஒண்ணும் மனசுல இல்லையே பாய்?" என்று மறுபடி கேட்டேன்.

"நீயே ரெண்டு தடவ கேக்குறதால சொல்றேன். எனக்கும் இந்த வருசம் பலத்த அடி. அடுத்த வெங்காயத்துக்கு அது அட்வான்ஸா இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் பாய்," என்றேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா கெடந்த காசுக்கு போன் போட்டுக் கடனாக்குன ஆளு ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்."

காடு உழுது கிடக்கிறது. விதை வெங்காயம் இன்னும் வாங்கவில்லை. நட்டு, பறித்து, பட்டறை போட்டு, பாய் வந்து எடுத்தால்தான் கணக்குத் தீரும். அதுவரை பாய்க்கு நிற்பது இருபதாயிரம் ரூபாய்.