நரம்பில் படியாத உறை

ராசிபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். செம்புக் கம்பியின் வார்னிஷ் பூச்சு ஓரிடத்தில் உரிந்தாலும் மோட்டார் புகைந்துவிடும். பூச்சைப் பற்றி எனக்கே பாடமா என்ற திமிரோடுதான் அன்று அஸ்தம்பட்டியில் குழந்தைகள் நரம்பு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு ஒன்றே கால் வயது. கழுத்து நிற்கவில்லை. விழிகள் ஓரிடத்தில் நில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தன. டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை அடுக்கடுக்காகப் படியுமாம். தாய் வயிற்றிலேயே தொடங்கி, முதல் இரண்டு வருடம் வேகமாக ஏறும். மூளையின் பின்பக்கம் முதலில் முடியும்; நெற்றிப்பக்கம் முடிய இருபது வயதுக்கு மேலும் ஆகும். உறை இருந்தால்தான் மூளையின் கட்டளை கைகாலுக்கு விரைந்து போகும். இவளுக்கு இந்நேரம் படிந்திருக்க வேண்டிய அளவு படியவில்லை.

"வெறும் தாமதமா இருக்கலாம். பரம்பரைக் கோளாறாவும் இருக்கலாம். ஆறேழு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"இல்லீங்க, அசல்தானுங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என் தாய்மாமன் மகள். மாமன் தயங்கியும், முறைப்பெண் எனக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டவன் நான். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று உள்ளூர் டாக்டர் ஒருவர் ஏற்கெனவே பத்துப் பேர் நடுவில் என்னைக் கடிந்திருந்தார். இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

பஸ்ஸில் அவளிடம், "வார்னிஷ் காய நேரமாவுதாட்ட இருக்குது, அவ்வளவுதான்" என்றேன். அவளும் நம்பினாள். தினமும் காலையில் கிலுகிலுப்பையை ஆட்டி, மகள் கண் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் மனைவி மறுபடி உண்டானாள்.

இரண்டாவது ஸ்கேனும் முதல் ஸ்கேன் மாதிரியே இருந்தது; இது வெறும் தாமதமில்லை என்றாகிவிட்டது. டாக்டரம்மாவின் பார்வை மனைவியின் ஐந்து மாத வயிற்றில் நின்றது.

"மறுபடியும் கேக்கறேன். சொந்தம் இல்லைதானே?"

மனைவிதான் சொன்னாள்.

"என்ற அப்பனும் இவங்க அம்மாவும் கூடப்பொறந்தவங்கங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் பக்கம் திரும்பாமல் அவளிடமே பேசினார்.

"சொந்தம்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அடுத்த குழந்தைக்கு முன்னாடியே உங்க ரத்தத்தை எல்லாம் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம்மா. இப்ப அனுப்பினா முடிவு வர நாளாகும். வயித்துல இருக்கற குழந்தைக்கும் வர வாய்ப்பு இருக்கு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மனைவி கேட்டாள்.

"எதுக்கு மாமா அன்னைக்குப் பொய் சொன்னீங்க?"

"திட்டுவாங்கன்னு" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.