காலும் சேர்ந்த படம்

சைனப் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் துப்பட்டியின் நுனியை இழுத்து இடுப்பில் செருகுவாள். பேச்சு அப்புறம்தான். அவளோடு பழகியவர்கள் அந்தச் செருகலைப் பார்த்ததுமே ஓரடி பின்வாங்கிவிடுவார்கள். பம்பாயில் எங்கள் மாட்டுங்கா தமிழ் மன்றத்தின் செயலாளர் வேங்கடசுப்ரமணியனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான், "காலை மட்டும் வெட்டிடலாமே அம்மா" என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எந்தக் கால், யாருடைய கால் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சைனப்பின் கணவர் கரீம் பாட்சா தாராவியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஸ்டூடியோ என்றால் ஒரே அறை, அங்கே சொல்வதுபோல ஒரு கோலி. முன்பாதியில் கேமரா, பின்பாதியில் அடுப்பு. சுவரில் ஒரு திரை. அதில் நீலக்கடல், பெரிய கப்பல், கப்பலுக்கு மேலே அதே அளவில் ஓர் ஆகாயவிமானம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் இடத்திலோ டிராம்பேயில் கட்டட வேலையிலோ சேர்ந்தவர்கள், கையில் கொஞ்சம் காசு புரண்டதும் இந்தத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். கோட்டும் டையும் ஓடாத கைக்கடிகாரமும் ஸ்டூடியோவே தரும். கோட்டு ஒரு பெருத்த மனிதருக்குத் தைத்தது. ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டு இறுக்கிவிடலாம். பூட்சுக்கு அந்த வித்தை செல்லாது, அதனால் ஸ்டூடியோவில் பூட்ஸ் கிடையாது. ஆகவே கரீம் பாட்சா ஸ்டூடியோவின் சட்டம்: படம் முழங்காலோடு நின்றுவிடும். கேமராவின் முக்காலி நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

ஆண்பிள்ளை முன்னால் நிற்கக் கூசும் பெண்களுக்காகத்தான் சைனப் கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு கரீம் பாட்சா கல்யாண வீடுகளுக்குப் போகும் நாட்களில் வருகிற எல்லாருக்கும் அவளே எடுத்தாள். அப்படி ஒரு நாள் காலையில் வீட்டைத் துடைத்தவள் சாக்பீஸ் வட்டத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரன் வானமாமலை படமெடுக்க வந்து நின்றபோது, முக்காலியைக் குத்துமதிப்பாக வைத்தாள். ஒரு கை தூரம் பின்னால் போய்விட்டது.

படத்தில் எல்லாமே விழுந்திருந்தது. கோட்டும் டையுமாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் வானமாமலை. அவன் முதுகுக்குப் பின்னே கப்பல். கீழே சிமெண்டுத் தரையில் பித்தவெடிப்பு விழுந்த வெறுங்கால்கள். கடலின் அடிவிளிம்பு பறக்காமலிருக்க வைத்த செங்கல்கள். ஓரத்தில் அடுத்த ஆள், பனியனோடு, கோட்டுக்காக ஒரு கையை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு.

கரீம் பாட்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏளா, கப்பலுக்குச் செங்கல் வச்ச சீமாட்டி!" என்றார். வானமாமலைக்கு முழங்கால்வரை பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். சைனப் தனக்காக முழுசாக ஒன்று போட்டு அடுப்புப் பக்கச் சுவரில் மாட்டிக்கொண்டாள்.

1967இல் எங்கள் மன்றம் 'பயணப் பரிசு' என்று ஒன்றை அறிவித்தது. பயணக் கட்டுரைக்கு ஒன்று, பயணப் புகைப்படத்துக்கு ஒன்று, வானொலிப் பேச்சுக்கு ஒன்று. வரும் படங்களை அட்டையில் ஒட்டி, கீழே பெயர் எழுதுவது என் வேலை. பனி மலை, படகு வீடு, குமரிமுனைச் சூரியன் என்று ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் சைனப் அக்கா தினசரித் தாளில் சுற்றிய படத்தோடு வந்து நின்றாள். தலைப்பும் அவளே எழுதியிருந்தாள்: 'பம்பாய்க்கு வந்தவர்'.

செயலாளர் படத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"பிரயாணப் படம்னா கேட்டோம்? இதுல நீங்க எங்க போயிருக்கேள்?"

"நான் எங்க சார் போனேன், வந்தவரைத்தான் எடுத்திருக்கேன்."

"இது துணியில வரைஞ்ச கப்பல்."

"அதை நான் மறைக்கவே இல்லையே. செங்கலு தெரியுது பாருங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அப்போதுதான் நிஜமான காரணம் வெளியே வந்தது. விழாவுக்கு நகராட்சியிலிருந்து ஒரு மராத்தி அதிகாரி தலைமை தாங்க வருகிறார். பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். "நம்மளைப் பத்தி இந்த ஊர்க்காரா என்ன பேசிக்கறான்னு தெரியுமோ அம்மா? வெறுங்காலோட வந்து வேலையைப் பிடுங்கிண்டோமாம். தமிழ்ப் போர்டு வெச்ச கடையில கல் விழறது. இப்போ நாமளே அந்த வெறுங்காலைப் பெரிசு பண்ணி மாட்டி வெச்சா எப்படி? முழங்காலோட வெட்டிடுங்கோ, தாராளமா வெக்கலாம்."

அவர் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அந்த வருஷங்களில் நான் லோக்கல் ரயிலில் தமிழ் வாரப்பத்திரிகையை இங்கிலீஷ் பேப்பருக்குள் ஒளித்துத்தான் படிப்பேன். இப்போது இன்னும் தூரத்து ஊர் ஒன்றில் இருக்கிறேன். கை இன்னமும் அப்படியேதான் மடிக்கிறது.

சைனப் துப்பட்டியைச் செருகினாள். "வெட்ட மாட்டேன்."

செயலாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சரி, உங்க பிடிவாதம் உங்களோட. அந்த மனுஷனைக் கேட்டேளா? பாவம், ஊருக்குக் கோட்டுப் படம் அனுப்பிட்டு மானமா இருக்கான். அவனை ஹால்ல நிறுத்தி அவமானப்படுத்தறது நியாயமா?"

செருகியிருந்த நுனி மெல்ல அவிழ்ந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா. அவரு சொல்லுததை நீயே கேட்டு வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாக" என்றாள்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ரயில் பாதையைத் தாண்டி நடந்தே போய்விடலாம். அதற்கு முன் நான் போனதில்லை.

வானமாமலை டிராம்பே பஸ்ஸிலிருந்து இறங்கி, குழாயடி வரிசையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

"என்னக்கா இது! காலைப் போய் எடுத்து வச்சிருக்கிய! எண்ணெய்க் கம்பெனி ஆபீஸ்ல வேலைன்னுல்லா வீட்டுல சொல்லியிருக்கேன்."

"வேண்டாம்னா சொல்லிரு தம்பி. இங்கயே கிழிச்சுப் போட்டுருதேன்."

அவள் சும்மா சொல்லவில்லை. படத்தின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். வானமாமலை குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"பொறுங்க. ஓரத்துல நிக்கது நம்ம இசக்கி இல்லா? பனியன்ல ஓட்டையைப் பாரு!" சிரித்தான். சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினான். "மத்தவங்க படத்துல கால் இருக்கா?"

"இல்லை. மலை, பனி, கோயில்..."

"மலைக்கு யாரு போனா?"

"பஞ்சு சார். பேங்க்ல இருக்கார்."

"எப்படிப் போனாரு?"

"ரயில், பஸ், அப்புறம் மட்டக் குதிரை."

"அப்ப அவரு எதுக்குக் காலைக் காட்டப் போறாரு, குதிரைக் காலைல்லா காட்டணும்!" வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. "என்னைக் குண்டக்கல்லுல இறக்கி விட்டுட்டான், டிக்கெட் இல்லன்னு. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளத்தோடயே நடந்தேன். அன்னைக்கு இந்தக் கோட்டா நடந்துச்சு?"

வரிசை ஓரடி நகர்ந்தது. அவன் குடத்தைக் காலால் முன்னே தள்ளினான்.

"வெட்டாதீங்கக்கா. ஆனா கீழ எம் பேரைப் போடணும். பேரு இல்லாம எவன் காலோன்னு தொங்கவிட்டாத்தான் அசிங்கம். பேரு போட்டா அது என் கால்."

"வீட்டுல?"

"அவகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

சைனப் அவன் குடத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள். திரும்பி வந்ததும் 'பம்பாய்க்கு வந்தவர்: வானமாமலை' என்று நான் அட்டையில் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுத வேண்டும் என்று இரண்டு அட்டையைப் பாழாக்கினேன்.

செயலாளர் படத்தை மறுக்கவில்லை. சமத்காரமாக இடம் மாற்றினார். பெரிய சுவரில் மலைகள். சைனப்பின் படம் சமையலறைக்குப் போகும் நடையில். அதிகாரியின் கண்ணில் படாது என்று அவர் கணக்கு. காப்பி அந்த நடையில்தான் ஊற்றுவார்கள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மாட்டுங்காவில் ஒரு கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்று யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பெரிய சுவருக்கு முன்னால் காற்று வாங்கியது. நடையில் டபராவும் கையுமாக நெரிசல். கடைசியில் அந்த அதிகாரியும் காப்பிக்கு வந்தார், படத்துக்கு முன்னால் காப்பி ஆறும்வரை நின்றார்.

வானொலிப் பேச்சுப் போட்டி அந்தக் காலத்துக்குப் புதுமையாக இருந்தது. மேடையின் ஒரு மூலையில் திரை கட்டி, உள்ளே மைக். பேசுகிறவர் முகம் தெரியாது. வானொலி மாதிரி குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். நடுவர் நாகலக்ஷ்மி மாமி, ஆளைப் பார்த்து மார்க் போட்டேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதென்று, முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேச்சு முடிந்து மூன்றாமவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த இடைவெளியில் புகைப்படப் பரிசை அறிவித்தார்கள்.

முதல் பரிசு பஞ்சுவின் பனி மலைக்கு. நல்ல படம்தான், குறை சொல்ல முடியாது.

"ஆறுதல் பரிசு, திருமதி கரீம் பாட்சா. படம்: ஏழ்மையின் கோலம்."

நான் எழுதிய அட்டையில் அந்தத் தலைப்பு இல்லை. பின்வரிசையில் வானமாமலை நின்றிருந்தான். கோட்டில்லாமல், வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையில், இசக்கியோடு. தன் பெயர் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தவன், வராது என்று புரிந்ததும் வாசலைப் பார்த்துத் திரும்பினான். அதைச் சைனப் பார்த்தாள். துப்பட்டி இடுப்புக்குப் போனது.

பரிசு வைத்திருந்த மேஜைக்கு அவள் போகவில்லை. நேரே திரைக்குப் பின்னால் போனாள். தன் முறை இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்த மூன்றாமவர் மரியாதையாக விலகிக்கொண்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தாராவி சைனப் பேசுதேன். எங்க வீட்டுல யாரும் சாகலை, அதனால ஆறுதல் வேண்டாம். ஏழ்மையின் கோலம்னு ஒருத்தர் எங்க ஸ்டூடியோவுக்கு வந்ததே இல்லை. வந்தவரு பேரு வானமாமலை. குண்டக்கல்லுல இறக்கிவிட்டப்ப நடந்து வந்தவரு. துணியில வரைஞ்ச கப்பல் பயணமான்னு கேட்டாங்க. கப்பல் இல்லை சார், காலுதான் பயணம். அதைத்தான் வெட்டச் சொன்னிய."

மணி அடித்தது. பேச்சுக்கு நேரம் முடிந்தால் அடிக்கிற மணி. செயலாளரே அடித்துக்கொண்டிருந்தார்.

"அடிங்க சார், முடிச்சிருதேன். இங்க இருக்கிற எல்லாரும் ஒரு நாளு தாதர்லயோ வி.டி. ஸ்டேஷன்லயோ வந்து இறங்கினவங்கதான். அன்னைக்கு உங்க கால்ல என்ன கிடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. நினைவு வந்தவங்க நடையில போய்ப் படத்தைப் பாருங்க. வராதவங்க காப்பியைக் குடிங்க."

பின்னாலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. இசக்கிதான். அப்புறம் அங்கங்கே இன்னும் சில. எல்லாரும் தட்டினார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் தட்டவில்லை. பஞ்சு தட்டினார்.

நாகலக்ஷ்மி மாமி கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "இது மூணாவதா? இன்னிக்குப் பேசினதுல இதுதான் தேவலை."

"அவா போட்டியிலயே இல்லை மாமி" என்றார் செயலாளர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"இல்லையா? அப்போ இருக்கறவாளுக்கு என்ன போட்டி?"

பேச்சுப் பரிசையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. விண்ணப்பிக்காதவருக்கு எப்படிக் கொடுப்பது? சைனப் நடைக்குப் போய்ப் படத்தைத் தானே கழற்றினாள். செயலாளர் பின்னாலேயே வந்து, "நாளைக்கும் கண்காட்சி இருக்கே அம்மா" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"உங்க நடை சின்னது சார். என் வாசல் போதும்."

வாசலில்தான் மாட்டினாள், நான் எழுதிய அட்டையோடு. அதற்கு மேலே ஒரு தகரப் பலகை. அக்கம்பக்கத்தில் கல்லடிக்குப் பயந்து தமிழ்ப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்த மாதம் அது. "இந்த நேரத்துல எதுக்கு, இங்கிலீஷ்லயே போடுவோம்" என்று கரீம் பாட்சா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "எவன் ஊருல இருந்து வாரானோ அவன் படிக்கணும்லா?" என்று சொல்லிவிட்டு அவளே தூரிகையை எடுத்துத் தமிழில் எழுதினாள்: 'காலோடும் எடுத்துத் தரப்படும்.'

பெரும்பாலானவர்கள் முழங்காலோடுதான் கேட்டார்கள். கோட்டும் டையும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. எப்போதாவது ஒருவன் பலகையைப் பார்த்து, சைனப் இருக்கும் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்து, "முழுசாவே எடுங்க" என்பான். அப்போது முக்காலி ஒரு கை தூரம் பின்னால் நகரும். தரையில் இப்போது இரண்டு சாக்பீஸ் வட்டம் இருந்தது.

ஊரிலிருந்து வந்து சேர்ந்த மனைவியோடு வானமாமலையும் ஒரு நாள் காலோடு எடுத்துக்கொண்டான். அவன் மனைவி திரையில் இருந்த கப்பலைப் பார்த்துவிட்டு, "இதுலயா வந்தீக?" என்று கேட்டாள். அதற்கு அவன் சொன்ன பதிலைச் சைனப் அக்கா கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை, கேட்டால் சிரிப்பாள்.

அன்றைக்குத்தான் எங்கிருந்தோ ஒரு கல் வந்து பலகையில் பட்டது. தகரத்தில் ஒரு குழி. கழற்றி நிமிர்த்தித் தரட்டுமா என்று வானமாமலை கேட்டான்.

"எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப இருக்கட்டும். உள்ள வா, உங்க படம் காயுது."